லட்சுமிக்கே நஷ்டக் கணக்கு!

போன மார்கழியில் ஒரு காலை. காந்தலில் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். (ஊட்டிக் குளிரில் தலையில் தண்ணீர் தெளிக்கச் சம்மதிப்பவனுக்கு வீரச் சக்கரமே தரலாம்!) கண்ணாடிக்கு மேலே வர்க்கி பேக்கரி காலண்டர். அதில் தாமரை மேல் நாலு கையோடு மகாலட்சுமி.

"இது யார் வரைஞ்சது தெரியுமாண்ணே?"

"சிவகாசி சார்!" என்றார் கடைக்காரர், கத்தரியை நிறுத்தாமல்.

அச்சு சிவகாசிதான். ஆனால் காலண்டரில் அவளை அப்படி நிற்க வைத்த மூலவர் ராஜா ரவிவர்மா. 1848ல் கேரளத்துக் கிளிமானூரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்துவிட்டார். அங்கே ஆயில் பெயிண்டிங் வித்தை மதுரை ராமசாமி நாயக்கர் கையில். மனுஷர் மூச்சு விடவில்லை. (ஃபைல் இருக்கும் இடத்தைச் சொல்லாத ஹெட் கிளார்க் எல்லாக் காலத்திலும் உண்டு.) அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ராத்திரியில் ரகசியமாக வந்து சொல்லிக் கொடுத்தாராம். பிறகு வந்த ஜென்சன் துரையும் கற்றுத் தரவில்லை. பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். அது போதுமாக இருந்தது. 1873ல் சென்னையிலும் வியன்னாவிலும் பரிசு, 1893ல் சிகாகோவில் பதக்கங்கள்.

இதோடு நின்றிருந்தால் அவர் ராஜாக்களின் ஓவியர், அவ்வளவுதான். 1894ல் ஜெர்மன் மெஷின் வரவழைத்து பம்பாயில் அச்சகம் போட்டார். சாமி படங்கள் கடைக்கு வந்தன. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936ல்தான். அதற்கு நாற்பது வருஷம் முன்பே, கோயில் வாசலில் தடுக்கப்பட்டவன் வீட்டுச் சுவருக்கு லட்சுமியே வந்துவிட்டாள்!

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு வயிற்றெரிச்சல் வேறு இடத்தில். வீடு வீடாக லட்சுமியை அனுப்பியவருக்கு அச்சகத்தில் நஷ்டம், கடன். பம்பாயில் பிளேக் வேறு. லோனாவாலா பக்கம் மலவ்லிக்கு மாற்றியும் தேறவில்லை. கடைசியில் ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரருக்கு விற்றுவிட்டார். 1906ல் காலமானார்.

'நாடகத்தனம்' என்று பண்டிதர்கள் திட்டினார்கள். கோவில்பட்டி கொண்டையராஜு அந்த நாடகத் திரைகளையே வரைந்து பழகியவர். அவரும் சீடர்களும் போட்ட சாமி படங்கள் சிவகாசி வழியாக ஊரெல்லாம் போயின. ஆக, கடைக்காரர் சொன்னதும் பாதி சரி!

ரவிவர்மாவின் அசல் ஓவியங்கள் 1979லிருந்து தேசியச் சொத்து. நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

இறங்கிக் காசு கொடுத்தேன். கடைக்காரர் நோட்டைக் காலண்டர் லட்சுமியின் காலில் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"முதல் போணி சார்."