சிறிய வானுக்குள் ஒரு கட்டில்: முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட ஒருவர் வெளியில் ஓர் இரவு தங்க என்ன வேண்டும்?

பெரியம்மாவின் மகனுக்கு 2009 ஏப்ரலில் முள்ளிவாய்க்காலில் ஷெல் சிதறல் முதுகில் பட்டது. அன்றிலிருந்து அண்ணாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வடமராட்சியில் இருக்கும் வீட்டிலிருந்து அவர் அதிகம் போய்வந்த இடம் கிளினிக்தான். வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு ஒருமுறை போக வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மாவுக்கும் அங்கே ஒரு நேர்த்தி பாக்கி இருந்தது.

சில வருடங்களுக்கு முன் வாடகைக்கு வான் பிடித்துக் கூட்டிப்போனோம். பொங்கல் இரவிரவாக நடக்கும். போகும்போது மூன்று மணித்தியாலம், இரவு முழுவதும், திரும்பி வரும்போது மூன்று மணித்தியாலம் என்று அண்ணா இருந்தபடியே இருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் இருக்கையில் பட்ட இடத்தில் சிறிய சிவப்பு அடையாளம் ஒன்று. அது படுக்கைப் புண்ணாகி ஆற ஐந்து மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு அவர் எங்கும் கேட்கவில்லை.

கடந்த வருடம் பெரியப்பா தன்னுடைய சிறிய வானுக்குள் ஒரு கட்டில் அடித்தார். வெளிநாடுகளில் விடுமுறைக்குப் போவோர் வானைத் தங்குமிடமாக மாற்றிக்கொள்வதைப் பலரும் வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். வாகனத்தோடு வாழ்ந்த அனுபவம் எங்களுக்கும் உண்டு. 1995இலும் 2008, 2009இலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் அதன் கீழே தறப்பாளுக்குள்ளும் எத்தனையோ குடும்பங்கள் படுத்தெழும்பின. அது துரத்தப்பட்டுப் போன பயணம். விரும்பிய இடத்துக்குப் போய், ஓர் இரவு தங்கி, உடம்புக்குக் கேடில்லாமல் திரும்பி வருவதற்கான பயணத்துக்கு வான் எப்படி உதவும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டைப் போல் பல வீடுகள் இருக்கின்றன.

ஏன் இது தேவைப்படுகிறது?

உணர்வு இல்லாத இடத்தில் உடம்பின் பாரம் தொடர்ந்து அழுத்தினால் அங்கே இரத்த ஓட்டம் தடைப்படும். மற்றவர்களுக்கு வலிக்கும், அசைந்து இருப்பார்கள். இவர்களுக்கு வலி தெரியாது. அதனால்தான் படுத்திருக்கும்போது ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிடவும், சக்கர நாற்காலியில் இருக்கும்போது அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கவும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதோடு சிறுநீர் எடுப்பதற்கு மறைவான இடமும் சுத்தமான தண்ணீரும் வேண்டும்.

வலதுகுறைந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது. பொது இடங்களில் அவர்கள் சென்றுவரக்கூடிய வசதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஐ.நா.வின் வலதுகுறைந்தோர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆனால், ஏ9 வீதியில் ஓடும் சாதாரண பஸ்ஸில் சக்கர நாற்காலியோடு ஏற இன்றும் வழியில்லை. படுக்க ஓரிடமும் மறைவும் தண்ணீரும் வேண்டுமென்றால் அவற்றை நாங்களேதான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

வானின் அளவு

பெரியப்பாவிடம் இருந்தது சுசுகி எவ்ரி. கடைக்குச் சாமான் ஏற்ற வாங்கியது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வான்களின் விலையும் ஏறியது. ஆகவே இருக்கிற வானில் என்ன செய்யலாம் என்று யோசிப்பதே பெரும்பாலானவர்களுக்குச் சரிவரும்.

எவ்ரி ஜப்பானின் சிறுவாகன வகையைச் சேர்ந்தது. அந்த வகைக்கு நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், உயரம் 2 மீற்றர், எஞ்சின் 660 சிசி என்று அந்த நாட்டுச் சட்டம் எல்லை வைத்திருக்கிறது. பின் இருக்கைகளை மடித்தால் உள்ளே ஏறத்தாழ 1.8 மீற்றர் நீளம் கிடைக்கும். அகலம் 1.3 மீற்றருக்குக் கிட்ட. தளத்திலிருந்து கூரை வரை 1.2 மீற்றரளவு. சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஒருவரை ஏற்ற இந்த உயரம் போதாது. படுக்கப் போதும்.

ஜப்பானிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் ஒன்றும் உண்டு. 2004 ஒக்டோபரில் நிகாட்டா மாகாணத்தில் நிலநடுக்கம் வந்தபோது பலர் பயத்தில் வீட்டுக்குள் போகாமல் கார்களிலேயே தூங்கினார்கள். இருக்கையில் கால்களைத் தொங்கப்போட்டபடி பல மணித்தியாலம் இருந்ததால், காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்ச் சிலர் இறந்தார்கள். 2016இல் குமமோட்டோ நிலநடுக்கத்தின்போதும் இதே ஆபத்து பேசப்பட்டது. கால்களை மட்டமாக நீட்டிப் படுப்பது, தண்ணீர் குடிப்பது, கால்களை அசைப்பது ஆகியவையே அங்கே சொல்லப்படும் அறிவுரை. தானாகக் கால் அசைக்க முடியாதவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூட.

கட்டிலை எங்கே வைப்பது?

முதலில் பெரியப்பா பின்பக்கம் முழுவதையும் கட்டிலாக்கி, அண்ணாவைப் படுத்தபடியே கொண்டுபோக நினைத்தார். அது பிழை. ஓடும் வாகனத்தில் பட்டி இல்லாமல் படுத்திருப்பவர், சடுதியாக பிரேக் பிடித்தால் முன்னுக்குப் போய் அடிபடுவார். வான் ஓடும்போது எல்லோரும் இருக்கையில் பட்டியோடு இருக்க வேண்டும். கட்டில் நிறுத்திய பிறகுதான்.

அப்படியென்றால் முன் இருக்கையா? அதிலும் ஒரு சிக்கல். எவ்ரியின் எஞ்சின் முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது. நீண்ட ஓட்டத்தில் இருக்கை சுடும். உணர்வுள்ளவர் நெளிவார். உணர்வில்லாதவருக்குத் தோல் வெந்தாலும் தெரியாது.

கடைசியில் பின் இருக்கையின் இடது பாதியை அப்படியே விட்டார்கள். அங்கே பட்டி இருக்கிறது, சறுக்குக் கதவு வீதியோரப் பக்கம் திறக்கும். வலது பாதியை மடித்து, சாரதி இருக்கைக்குப் பின்னாலிருந்து பின்கதவு வரை 65 சென்ரிமீற்றர் அகலத்தில் கட்டில் போட்டார்கள். கட்டிலின் மேல்மட்டம், மெத்தையோடு சேர்த்து, பக்கத்து இருக்கையின் மட்டத்துக்குச் சரியாக வரவேண்டும். இதுதான் முழு வேலையிலும் முக்கியமான அளவு. மட்டம் ஒன்றாக இருந்தால், கைகளில் பலமுள்ள ஒருவர் வழுவழுப்பான பலகை ஒன்றைக் குறுக்கே வைத்து, தானே இருக்கையிலிருந்து கட்டிலுக்கு நகரலாம். வீதியிலிருந்து வானுக்குள் ஏற்ற மட்டும் இரண்டு பேர் தூக்க வேண்டும். ஏறிய பிறகு, வழியில் நிறுத்தும்போதெல்லாம் இறக்கி ஏற்ற வேண்டியதில்லை. அரை மணித்தியாலம் படுத்து எழும்பிப் பயணத்தைத் தொடரலாம்.

இரவில் இடது இருக்கையையும் மடித்தால் கூட வருபவர் அங்கே பாய் போட்டுப் படுக்கலாம்.

பாரம்

சரக்கு ஏற்றும் எவ்ரிக்கே ஏற்றக்கூடிய பாரம் 350 கிலோதான். ஆட்கள் பயணிக்கும் வகையில் இடம் இன்னும் குறைவு. எட்டுக்கு நான்கு அடி, 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை ஒன்று 20 கிலோவுக்குக் கிட்ட வரும். 20 லீற்றர் தண்ணீர் 20 கிலோ. 100 ஆம்பியர்-மணி ஈய அமில பற்றரி 25 கிலோவைத் தாண்டும். அலுமாரி, சிங்க், மடிக்கும் மேசை என்று வீடியோவில் பார்ப்பதையெல்லாம் செய்யத் தொடங்கினால் வான் பதிந்துவிடும், பிரேக் தூரமும் கூடும். எங்கள் வானில் அலுமினியச் சட்டத்தின்மேல் பலகை ஒன்று மட்டும் இருக்கிறது. காற்றுப் போக அதில் துளைகள் போட்டிருக்கிறது. தண்ணீர்க் கான், சிறுநீர்க் குழாய்கள், மாற்றுத் துணி எல்லாம் கட்டிலுக்குக் கீழே பெட்டிகளில்.

மின்சாரம்

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவை மிதித்து றேடியோ கேட்டவர்களுக்கு இது புதுக் கணக்கில்லை. எத்தனை வாட், எத்தனை மணித்தியாலம் என்று பெருக்கினால் சரி.

5 வாட் எல்இடி விளக்கு 4 மணித்தியாலத்துக்கு 20 வாட்-மணி. 10 வாட் மின்விசிறிகள் இரண்டு, 8 மணித்தியாலத்துக்கு 160. படுக்கைப் புண் வராமலிருக்க அண்ணா பாவிக்கும் காற்று மெத்தையின் பம்ப் ஏறத்தாழ 10 வாட். இன்வேட்டரில் வீணாவதையும் சேர்த்து இரவுக்கு 100. கைத்தொலைபேசிகளுக்கு 30. மொத்தம் 310 வாட்-மணி.

12 வோல்ட், 50 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியில் ஏறத்தாழ 640 வாட்-மணி இருக்கும். அதில் ஐந்தில் நான்கு பங்கைப் பாவித்தாலும் ஓர் இரவு தாராளமாகப் போகும். நிறையும் 7 கிலோவுக்குள். ஈய அமில பற்றரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. 100 வாட் சோலர் பனல் ஒன்று நல்ல வெயில் நாளில் 400 வாட்-மணியளவு தரும்.

பியூஸை பற்றரிக்குப் பக்கத்திலேயே போடுங்கள். லித்தியம் பற்றரியை வானின் ஒல்ரனேற்றரோடு நேரடியாகத் தொடுக்க வேண்டாம். அதற்கென்று இருக்கும் 12 வோல்ட் சார்ஜர் ஊடாகவே தொடுக்க வேண்டும்.

காற்றும் நுளம்பும் அடுப்பும்

எங்கள் ஊரில் குளிர் பிரச்சினையில்லை. வெக்கையும் நுளம்பும்தான். இரண்டு பேர் இரவு முழுவதும் விடும் மூச்சில் நீரும் வெளியே வரும். கண்ணாடிகளைப் பூட்டிவிட்டுப் படுத்தால் விடியும்போது மெத்தை நனைந்திருக்கும். ஈரமான தோலில் புண் இலகுவாக வரும். எதிரெதிர் யன்னல்களை நாலு விரல் அளவு திறந்து, நுளம்பு வலையைக் காந்தத் துண்டுகளால் ஒட்டி, ஒரு விசிறியை உள்ளே இழுக்கவும் மற்றதை வெளியே தள்ளவும் வைத்தோம்.

ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். காஸ் அடுப்பும் உள்ளே வேண்டாம். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தளத்தில், கட்டிலுக்குக் கீழே தேங்கும். தேத்தண்ணி போடுவதென்றால் பின்கதவைத் தூக்கிவிட்டு வெளியே போடலாம்.

சட்டம்

பதிவுச் சான்றிதழில் உள்ள விபரங்களை மாற்றும் எந்த வேலைக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இருக்கைகளைக் கழற்றினால் இருக்கை எண்ணிக்கை மாறும். நாங்கள் மடித்தோமே தவிர ஒன்றையும் கழற்றவில்லை. கூரையை வெட்டவோ தளத்தில் புதுத் துளை போடவோ இல்லை. கட்டில் ஏற்கனவே இருந்த பட்டித் துளைகள் தவிர்ந்த மற்ற ஆணித் துளைகளில் பூட்டப்பட்டிருக்கிறது. பத்து நிமிடத்தில் கழற்றலாம். 2025 ஜனவரியில் வாகனங்களில் மேலதிகமாகப் பொருத்தியவற்றைக் கழற்ற வைக்கும் நடவடிக்கையைப் பொலிஸ் தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். அதனால் சோலர் பனலைக் கூரையில் பூட்டாமல், நிறுத்திய இடத்தில் வெளியே எடுத்து வைக்கிறோம். இதைவிடப் பெரிய மாற்றம் செய்வதென்றால் முதலில் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்தில் கேளுங்கள். விபத்தொன்று நடந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

போய் வந்தோம்

இந்த வைகாசியில் போனோம். பரந்தனில் திரும்பி ஏ35 வீதியில் புதுக்குடியிருப்பு தாண்டும் வரை இரண்டு இடத்தில் நிறுத்தினோம். இரண்டு தடவையும் அண்ணா தானே பலகையில் நகர்ந்து கட்டிலுக்குப் போனார். சேலைத் துணியில் தைத்த திரையை இழுத்துவிட்டுத் தன் அலுவலைத் தானே பார்த்தார். தங்கச்சியையோ தாயையோ வெளியே காவல் நிற்கச் சொல்லவில்லை.

வட்டுவாகல் பாலம் வந்தபோது பெரியப்பா வேகத்தைக் குறைத்தார். 2009 மேயில் அண்ணாவைச் சாரத்தில் வைத்து, ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் பெயர் தெரியாத ஒருவரும் பிடித்துக்கொண்டு கடந்த பாலம் அது. அன்றைக்கு வானத்தை மட்டும்தான் பார்த்ததாக அண்ணா சொன்னார். இப்போது இடது யன்னலால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

அன்றிரவு கோயில் வெளியில் பறைச்சத்தம் கேட்கிற தூரத்தில் வானை நிறுத்தினோம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பெரியம்மா எழும்பி அவரைப் புரட்டிவிட்டா. விடிய பெரியம்மா நேர்த்தியை முடித்தா. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வெளிச்சத்தில் படுக்கவைத்து முதுகையும் இருக்கையில் பட்ட இடத்தையும் பார்த்தோம். ஒரு சிவப்புக்கூட இல்லை.

"மடுவுக்கு எவ்வளவு தூரம்?" என்று அண்ணா கேட்டார்.