எழுத்துப் பரப்பிலிருந்து செய்தி திரட்டல்

ஒரு நூலிலுள்ள ஆட்பெயர், ஊர்ப்பெயர், ஆண்டு என்பவற்றை நிரல்படுத்தி எழுதுதல் எளிது. நூல்கள் பல்லாயிரமாயின் அப்பணி ஒருவர் ஆயுளில் முடிவதன்று. அதனைக் கணினியாற் செய்விக்குங் கலையே செய்தி திரட்டல் எனப்படும். வேண்டிய நூலைத் தேடித் தருதல் வேறு. நூலினுட் கூறப்பட்டதை ஆராய்ந்து, யார், எங்கே, எப்பொழுது என்னும் வினாக்களுக்குரிய விடைகளை அட்டவணையில் நிரப்புதல் வேறு. பின்னையதே ஈண்டு விளக்கப்படுவது.

அமெரிக்காவில் 1987இல் தொடங்கிய மாநாட்டு வரிசையொன்று இத்துறையை வளர்த்தது. முதலிற் கடற்படைச் செய்திகளும், 1991இல் இலத்தீன் அமெரிக்க வன்செயல்கள் பற்றிய செய்திகளும் கணினிகளுக்கு அளிக்கப்பட்டன. நிகழ்ச்சியின் வகை, நாள், இடம், செய்தோர், பாதிக்கப்பட்டோர் என்பவற்றை அவை நிரப்பின. அவ்விடைகள் மனிதர் ஆயத்தஞ் செய்த விடைகளோடு ஒப்பிடப்பட்டன. அக்காலத்துக் கணினிகள் பெரும்பாலும் அறிஞர் வகுத்த விதிகளைப் பின்பற்றின. பின்னர் எடுத்துக்காட்டுகளிலிருந்து தாமே கற்கும் முறைகள் மேலோங்கின.

இத்தகைய வேலையை மதிப்பிட இரண்டு அளவைகள் உள. 100 பெயர்களையுடைய ஓர் ஏட்டிலிருந்து கணினி 80 பெயர்களை எடுக்க, அவற்றுள் 60 சரியானவை எனக் கொள்வோம். எடுத்தவற்றுள் சரியானவை நூற்றுக்கு 75, இது துல்லியம். எடுக்க வேண்டியவற்றுள் எடுத்தவை நூற்றுக்கு 60, இது நிறைவு. ஐயமற்றவற்றையே எடுக்குமாறு விதித்தால் துல்லியம் உயரும், நிறைவு குறையும்.

தமிழில் இப்பணி மேலும் அரிது. ஆங்கிலத்திற் பெயரைக் காட்டும் பேரெழுத்து நமக்கில்லை. யாழ்ப்பாணம் என்பது யாழ்ப்பாணத்தில், யாழ்ப்பாணத்துக்கு, யாழ்ப்பாணத்தார் எனப் பலவாறு திரியும். ‘சிதம்பரம் சென்றார்’ என்னுந் தொடரிற் சென்றவர் சிதம்பரம் என்பவரா, அன்றிச் சென்ற ஊர் சிதம்பரமா என்பதை முன்பின் வாக்கியங்களே உணர்த்தும்.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் ஈழத்துத் தமிழ் வெளியீடுகளைத் திரட்டி வைத்துள்ளது. அத்தகைய திரட்டுகளிலிருந்து ஊர்வரலாறு எழுதப் புகுவோர்க்கு இக்கலை பெரிதும் பயன்படும். ஆயின் ஒன்று கருதத்தக்கது. பிழையாகச் சேர்ந்த பெயரை மூலத்தோடு ஒப்பிட்டு நீக்கிவிடலாம். விடுபட்ட பெயரோ பட்டியலில் இல்லாமையால் எவர்க்கும் புலப்படாது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தமையால் நாம் இழந்தவை பல. எஞ்சிய ஏட்டிலே ஒருவர் பெயரிருந்தும் அட்டவணையில் இடம்பெறாதாயின், அதுவும் ஓர் இழப்பேயாம். ஆதலின் ஒவ்வொரு பதிவும் தான் எடுக்கப்பட்ட நூலையும் பக்கத்தையுஞ் சுட்டல் வேண்டும். ஏடுகளில் ஒரு பகுதியையேனும் மனிதர் முழுதும் வாசித்து, விடுபட்டவற்றைக் கணக்கிடல் வேண்டும். அட்டவணை ஏட்டிற்கு வழிகாட்டுவதேயன்றி ஏட்டிற்கு ஈடாகாது.