முதற் காரியம் முதலில்

ஒரே தறியில் ஒரே சமயத்தில் இரண்டு சேலை நெய்பவர் எவரும் இல்லை. பாவில் இழை அறுந்தால் நெசவாளர் நாடாவை நிறுத்துகிறார். அறுந்ததை முடிந்த பிறகே மீண்டும் மிதிக்கிறார். தறியில் நாம் நன்கறிந்த இந்த நியதி, சங்க அலுவலக மேஜைக்கு வந்ததும் மறந்துபோகிறது. அதனால் விளையும் கேட்டை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தைப் பார்வையிடச் சென்றோம். இருப்புப் புத்தகப்படி இருக்க வேண்டிய நூலில் இரண்டு சிப்பம் குறைந்தது. கிடங்கைக் கவனித்து வந்தவர் நெடுநாள் ஊழியர். சந்தேகம் அவர்மீது விழுந்தது. காரியதரிசிக்கும் விடை தெரியவில்லை. 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவின்படி, மோசடியால் மட்டுமன்றி, வேண்டுமென்றே செய்த அசட்டையால் சங்கச் சொத்துக் குறைந்தாலும் பொறுப்பாளர்மீது தண்டத்தீர்வை விதிக்க இடமுண்டு. அந்த ஊழியர் இரண்டு நாள் எவர் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் ஓர் அங்கத்தினர் தமது கைப்புத்தகத்துடன் வந்தார். அந்த இரண்டு சிப்பமும் அதில் பதிவாகியிருந்தன. நூல் கொடுத்த வேளையில் காரியதரிசி ஒருவரின் சேலையை அளந்துகொண்டும், மற்றொருவருக்குக் கூலி கணக்கிட்டுக்கொண்டும், தொலைபேசியில் பதில் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறார். கைப்புத்தகத்தில் எழுதியவர், இருப்புப் புத்தகத்தில் எழுத மறந்தார். களவு எதுவும் இல்லை. கவனம் சிதறியதே குற்றம்.

நம் தவறும் இதில் உண்டு. அன்று ரொக்கம், இருப்பு, அங்கத்தினர் குறைகள் ஆகிய மூன்றையும் ஒருங்கே பார்க்கத் தொடங்கினோம். குறைவு தெரிந்தவுடன் மற்றவற்றை ஒதுக்கிவிட்டுக் கைப்புத்தகங்களை வரவழைத்திருந்தால், ஒரு நேர்மையாளர் இரண்டு நாள் தலைகுனிந்திருக்க நேர்ந்திராது.

பல வேலைகளை ஒருங்கே செய்வதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் மனம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தாவலுக்கும் காலம் செலவாகிறது என்றும், சிக்கலான வேலையில் அச்செலவு மிகுதி என்றும் ரூபின்ஸ்டீன், மேயர், எவன்ஸ் என்னும் அமெரிக்க உளநூலார் 2001-இல் வெளியிட்ட சோதனைகளில் கண்டனர். அரைகுறையாக விட்ட வேலையில் மனத்தின் ஒரு பகுதி தங்கிவிடுகிறது என்று 2009-இல் சோஃபி லெராய் எடுத்துக்காட்டினார்.

ஆகவே காலையில் அலுவலகம் திறந்ததும் அன்றைய வேலைகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். பணமும் பொருளும் கைமாறுவதைப் பதிவது முதல் வகை. இது அந்தக் கணமே முடிய வேண்டும். பதிவு முடியாமல் அடுத்தவரை அழைத்தலாகாது. கடன் தவணை, மார்ச் 31-இல் முடியும் ஆண்டுக் கணக்கு போன்று கெடு உள்ளவை இரண்டாம் வகை. இவற்றுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் கடைசி வாரத்தில் விளக்கேற்றி விழிக்க வேண்டியதில்லை. எஞ்சிய கடிதங்களும் விசாரணைகளும் மூன்றாம் வகை. தொலைபேசி மணி அவசரமாக ஒலிக்கலாம்; அவசரமானதெல்லாம் முக்கியமானதன்று.

நூல் பட்டுவாடா காலையில், துணி வாங்குதல் பிற்பகலில், கூலி குறித்த கிழமையில் என்று நிர்வாகக் குழு தீர்மானித்து, அதைப் பலகையில் எழுதிவைத்தால் பாதித் தொல்லை தீரும். மறுபாதி அங்கத்தினர் கையில் இருக்கிறது. குறித்த வேளையில் வருவதும், கணக்கெழுதுபவரை இடையில் அழைக்காதிருப்பதும் அவர்கள் செய்யக்கூடிய உதவிகள்.

விவசாய அங்கத்தினர்களுக்கு இது புதிதன்று. மத்தியகால நெல்லின் நாற்றை 25 முதல் 30 நாளுக்குள் பறித்து நட வேண்டும். வேலி அடைப்பது பத்து நாள் பொறுக்கும். இரண்டையும் ஒரே நாளில் தொட்டு, இரண்டையும் பாதியில் விடும் குடியானவர் விளைச்சலில் அதன் பலனைக் காண்பார்.

மேற்சொன்ன சங்கத்தில் இப்போது பதிவு முடிந்த பின்னரே நூல் கிடங்கை விட்டு வெளியேறுகிறது. அந்த ஊழியரும் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார். உங்கள் சங்கத்திலும் அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்து ஆலோசியுங்கள்.