அலகுச் சோதனையும் அஜைல் முறையும்

அலகுச் சோதனை என்பது ஒரு மென்பொருளின் மிகச் சிறிய பகுதியை மற்றப் பகுதிகளிலிருந்து பிரித்துத் தனியே இயக்கி, அது எதிர்பார்த்த விடையைத் தருகிறதா என்று சரிபார்க்கும் முறையாகும். இங்கு அலகு எனப்படுவது பெரும்பாலும் ஒரு செயற்கூறு ஆகும். சில வேளைகளில் ஒரு முழு வகுப்பாகவும் இருக்கலாம். சோதனையும் ஒரு நிரலே. அதை நிரலாளரே எழுதுகிறார், கணினி இயக்குகிறது. கையால் செய்யும் சோதனையை ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்ய வேண்டும். ஒரு முறை எழுதிய அலகுச் சோதனையை எத்தனை முறை வேண்டுமானாலும் சில நொடிகளில் இயக்கலாம்.

அஜைல் என்பது மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாக உருவாக்கி, சில வாரங்களுக்கு ஒரு முறை பயனரிடம் தந்து, அவருடைய கருத்துக்கேற்ப மாற்றிக்கொண்டே செல்லும் பணிமுறையாகும். அலகுச் சோதனையும் அஜைலும் ஒன்றல்ல. எனினும், அடிக்கடி மாறும் நிரல் ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் சரியாக இயங்குகிறது என்ற உறுதி இல்லாவிட்டால், அஜைல் முறை நடைமுறையில் நிலைப்பது கடினம். அந்த உறுதிக்கு அலகுச் சோதனை அடித்தளமாக உள்ளது.

எடுத்துக்காட்டு: 366ஆம் நாள்

2008 டிசம்பர் 31 அன்று, மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஸூன் என்னும் இசைக்கருவிகளில் 30 ஜிகாபைட் வகையைச் சேர்ந்தவை தொடங்கும்போதே உறைந்து நின்றன. மின்கலம் முழுவதும் தீரும்வரை விட்டு, மறுநாள் மின்னேற்றிப் பயன்படுத்துமாறு நிறுவனம் பயனர்களுக்கு அறிவுறுத்தியது.

கருவியின் கடிகாரத்தைக் கையாளும் நிரலில் இருந்த ஒரு சிறிய செயற்கூறே இதற்குக் காரணம். 1980 சனவரி 1 முதல் எத்தனையாவது நாள் என்ற எண்ணைப் பெற்று, அது எந்த ஆண்டு என்று கண்டறிவது அதன் வேலை. நாள்களின் எண்ணிக்கை 365ஐ விட அதிகமாக இருக்கும்வரை ஒரு மடக்கு சுழலும். சாதாரண ஆண்டு எனில் 365ஐக் கழித்து ஆண்டை ஒன்று கூட்டும். நெட்டாண்டு எனில், எண்ணிக்கை 366ஐ விட அதிகமாக இருந்தால் மட்டும் 366ஐக் கழிக்கும்.

நெட்டாண்டில் எண்ணிக்கை சரியாக 366 ஆக இருந்தால் என்ன ஆகும்? அது 365ஐ விட அதிகம் என்பதால் மடக்கு தொடரும். 366ஐ விட அதிகமில்லை என்பதால் எதுவும் கழிக்கப்படாது. மடக்கு முடிவின்றிச் சுழலும். இக்கருவி 2006 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. அதன் பின் வந்த முதல் நெட்டாண்டின் கடைசி நாள் 2008 டிசம்பர் 31. அதுவரை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் கருவிகள் குறையின்றி இயங்கியதால் வழு வெளிப்படவில்லை.

இந்த வழுவைக் கண்டறிய 2008 வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1980உம் நெட்டாண்டே. ஆகவே பின்வரும் நான்கு சோதனைகள் போதுமானவை:

- உள்ளீடு 1 எனில் விடை 1980
- உள்ளீடு 366 எனில் விடை 1980
- உள்ளீடு 367 எனில் விடை 1981
- உள்ளீடு 731 எனில் விடை 1981

முதல், மூன்றாம், நான்காம் சோதனைகளில் அந்தச் செயற்கூறு தேறிவிடும். இரண்டாவதில் மட்டும் விடை வராமல் நின்றுவிடும். வழுக்கள் பெரும்பாலும் இத்தகைய எல்லை மதிப்புகளில்தான் ஒளிந்திருக்கின்றன. எனவே சுழியம், வெற்றுப் பட்டியல், கடைசி நாள், மிகப்பெரிய எண் போன்றவற்றைச் சோதிப்பது முதல் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

சோதனையின் அமைப்பு

ஓர் அலகுச் சோதனை மூன்று படிகளைக் கொண்டது. தேவையான உள்ளீடுகளை ஆயத்தம் செய்வது முதல் படி. செயற்கூறை இயக்குவது இரண்டாவது. கிடைத்த விடையை எதிர்பார்த்த விடையுடன் ஒப்பிடுவது மூன்றாவது.

நல்ல சோதனை விரைவாக முடிய வேண்டும். மற்றச் சோதனைகளைச் சார்ந்திருக்கக் கூடாது. எப்போது இயக்கினாலும் ஒரே முடிவைத் தர வேண்டும். இதனால் நிரலின் வடிவமைப்பும் மாறுகிறது. இன்றைய தேதியைக் கணினிக் கடிகாரத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும் செயற்கூறைச் சோதிப்பது கடினம். தேதியை உள்ளீடாகப் பெறும் செயற்கூறை எந்த நாளுக்கும் சோதிக்கலாம். தரவுத்தளம், வலையமைப்பு போன்றவற்றைச் சார்ந்த பகுதிகளுக்கு, சோதனையின்போது அவற்றின் இடத்தில் எளிய பதிலிகள் வைக்கப்படுகின்றன.

வரலாறு

அமெரிக்க நிரலாளர் கென்ட் பெக், ஸ்மால்டாக் மொழிக்காக எஸ்யூனிட் என்னும் சோதனைச் சட்டகத்தை உருவாக்கினார். 1997இல் அவரும் எரிக் காமாவும் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குச் சென்ற விமானப் பயணத்தின்போது, அதே கருத்தை ஜாவா மொழிக்குக் கொண்டுவந்து ஜேயூனிட்டை எழுதத் தொடங்கினர். பின்னர் பல மொழிகளுக்கு இதைப் பின்பற்றிய சட்டகங்கள் வந்தன.

இதே காலத்தில், கிறைஸ்லர் கார் நிறுவனத்தின் சம்பளக் கணக்கு மென்பொருள் திட்டத்தில் பெக்கும் அவருடைய குழுவினரும் பின்பற்றிய நடைமுறைகள் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்று பெயர் பெற்றன. இருவர் சேர்ந்து நிரல் எழுதுதல், சோதனையை முதலில் எழுதுதல், நிரலை அடிக்கடி ஒருங்கிணைத்தல் ஆகியவை அவற்றுள் சில. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்டில் பெக் உள்ளிட்ட 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை வெளியிட்டனர். அதன் 4 விழுமியங்களிலும் 12 கொள்கைகளிலும் சோதனை என்ற சொல்லே இல்லை. ஆனால் இயங்கும் மென்பொருளை அடிக்கடி தர வேண்டும் என்றும், மாற்றங்களைத் தாமதமாக வந்தாலும் வரவேற்க வேண்டும் என்றும் அது கோருகிறது. தானியங்கிச் சோதனைகள் இன்றி இவ்விரண்டையும் நீண்ட காலம் கடைப்பிடிப்பது அரிது.

அன்றாடப் பணியில்

சோதனைவழி உருவாக்கத்தில் நிரலாளர் முதலில் ஒரு சோதனையை எழுதுகிறார். நிரல் இன்னும் இல்லாததால் அது தோல்வியுறும். திரையில் சிவப்பு தோன்றும். அதைத் தேறவைக்கும் அளவுக்கு மட்டும் நிரல் எழுதியதும் பச்சை தோன்றும். பின்னர், விடை மாறாமல் நிரலின் அமைப்பைச் செம்மைப்படுத்துகிறார். இது மறுசீரமைப்பு எனப்படும்.

எழுதிய மாற்றம் பொதுக் களஞ்சியத்தில் சேர்ந்தவுடன், தொடர் ஒருங்கிணைப்பு வழங்கி எல்லாச் சோதனைகளையும் இயக்கும். ஏதேனும் ஒன்று தோல்வியுற்றால் அதைச் சரிசெய்வதே குழுவின் முதல் வேலை. சில நிமிடங்களுக்கு முன் செய்த மாற்றத்தில் வழுவைத் தேடுவது எளிது. சில மாதங்களுக்குப் பின் தேடுவது கடினம்.

பயனர் ஒரு வழுவைத் தெரிவித்தால், அதை மீண்டும் நிகழச் செய்யும் சோதனையை முதலில் எழுதிவிட்டு அதன் பின்னரே நிரலைத் திருத்துவது நல்ல பழக்கம். அந்த வழு பின்னொரு நாளில் திரும்பி வந்தால் சோதனை உடனே காட்டிக்கொடுக்கும். ஸ்க்ரம் முறையைப் பின்பற்றும் குழுக்கள் பலவற்றில், சோதனை எழுதப்படாத வேலை முடிந்த வேலையாகக் கணக்கிடப்படுவதில்லை.

வரம்புகள்

சோதனை வழு இருப்பதைக் காட்டுமே தவிர, இல்லை என்று நிறுவாது. இதைக் கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா வலியுறுத்தினார். தனித்தனியே சரியாக இயங்கும் பகுதிகள் ஒன்று சேரும்போது தவறலாம். 1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை அடைந்தபோது இழக்கப்பட்டது. ஒரு மென்பொருள் பவுண்டு விசை கணக்கில் தந்த எண்களை மற்றொன்று நியூட்டன் கணக்கில் எடுத்துக்கொண்டதே காரணம். இத்தகைய பிழைகளைக் கண்டறிய ஒருங்கிணைப்புச் சோதனைகள் தேவை.

நிரலின் எத்தனை விழுக்காடு வரிகள் சோதனையின்போது இயங்கின என்ற அளவும் ஏமாற்றக்கூடியது. மேற்கண்ட கடிகாரச் செயற்கூறில் முதல், மூன்றாம், நான்காம் சோதனைகளுடன் 732 என்னும் உள்ளீட்டையும் சேர்த்தால் மடக்கின் எல்லா வரிகளும் இயங்கிவிடும். 366 மட்டும் விடுபட்டிருக்கும். வழுவும் அப்படியே இருக்கும்.

சோதனைகளே இல்லாத பழைய நிரலில் பணி தொடங்கும் குழு, அனைத்திற்கும் ஒரே மூச்சில் சோதனை எழுத முயல்வது பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறது. அடுத்து மாற்றவிருக்கும் பகுதி இப்போது எப்படி இயங்குகிறது என்பதைச் சில சோதனைகளாகப் பதிவுசெய்துவிட்டு, பிறகு அப்பகுதியை மாற்றுவது நடைமுறைக்கு ஏற்ற வழியாகும். இவ்வாறு செய்தால், அடிக்கடி மாறும் பகுதிகளுக்கே முதலில் பாதுகாப்புக் கிடைக்கிறது.