பழைய நாற்சக்கர இயக்க வண்டியைத் தேர்ந்தெடுத்தல்

நாற்சக்கர இயக்கம் என்பது பொறியின் ஆற்றலைத் தானுந்தின் நான்கு சக்கரங்களுக்கும் செலுத்தும் அமைப்பு ஆகும். சேறு, மணல், ஈரமான மலைப்பாதை ஆகியவற்றில் இது பயன்படுகிறது. சாதாரணத் தானுந்தைவிட இதில் உறுப்புகள் மிகுதி. எனவே பழைய வண்டியை வாங்குபவர் பொறியை மட்டுமன்றி, ஆற்றலைப் பகிரும் உறுப்புகளையும் சோதிக்க வேண்டும்.

வரலாறு

1972 இல் சப்பானில் வெளிவந்த சுபாரு லியோன் ஸ்டேஷன் வாகன், நாற்சக்கர இயக்கத்தைக் குடும்பத் தானுந்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒன்று. இந்தியாவில் விற்கப்பட்ட டாட்டா எஸ்டேட் போன்ற ஸ்டேஷன் வாகன்களில் இவ்வமைப்பு இல்லை. அவ்விடத்தை மகிந்திரா ஜீப்புகளும், 1985 இல் அறிமுகமான மாருதி ஜிப்சியும் நிரப்பின.

ஜிப்சியின் முதல் வகையில் 970 கன செ.மீ. பெட்ரோல் பொறி இருந்தது. 1996 இல் 1298 கன செ.மீ. பொறியுடன் ஜிப்சி கிங் வந்தது. 2000 ஆம் ஆண்டு முதல் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருள் உட்செலுத்தும் முறை பயன்பட்டது. 2018 இறுதியில் பொதுமக்களுக்கான முன்பதிவு நிறுத்தப்பட்டது. ஆகவே இன்று பொதுமக்கள் வாங்கக் கிடைப்பவை பழைய வண்டிகளே.

இரு வகைகள்

* முழுநேர இயக்கம்: நான்கு சக்கரங்களும் எப்போதும் இயங்கும். முன், பின் அச்சுகளின் வேக வேறுபாட்டை நடு டிபரென்சியல் அல்லது அதற்கு ஒப்பான உறுப்பு ஏற்கும்.
* பகுதிநேர இயக்கம்: வழக்கமாகப் பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும். தேவைப்படும்போது ஓட்டுநர் முன்சக்கரங்களை இணைப்பார். ஜிப்சி இவ்வகையைச் சேர்ந்தது. இதில் நடு டிபரென்சியல் இல்லை.

வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் செல்கின்றன. சேற்றில் சக்கரம் சற்று வழுக்குவதால் இவ்வேறுபாடு சரியாகிவிடும். உலர்ந்த தார்ச்சாலையில் பகுதிநேர இயக்கத்தை இணைத்து ஓட்டினால் சக்கரம் வழுக்காது. அப்போது முறுக்கு விசை பற்சக்கரங்களிலும் அச்சுகளிலும் தேங்கி அவற்றைத் தேய்க்கும். முந்தைய உரிமையாளர் இவ்வாறு ஓட்டினாரா என்பதே வண்டியின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

டயர்களும் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும். 700 மி.மீ. விட்டமுள்ள டயர் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 455 முறை சுற்றும். தேய்ந்து 690 மி.மீ. ஆனது 461 முறை சுற்றும். முன்னும் பின்னும் இத்தகைய டயர்கள் கலந்திருந்தால், நேர்ச்சாலையிலும் ஆற்றல் பகிரும் உறுப்புகளில் சுமை ஏறும்.

சோதிக்க வேண்டியவை

* சட்டகமும் அடித்தளமும்: வண்டியை உயர்த்தி, பட்டா பொருந்தும் இடங்களிலும் பற்றவைப்புகளிலும் துரு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். பொறியைப் புதுப்பிப்பது எளிது. துருவேறிய சட்டகத்தைச் சீராக்குவது கடினம். புதிய கறுப்பு வண்ணம் துருவை மறைக்கக்கூடும்.
* டிரான்ஸ்பர் கேஸ்: மண் தரையில் நாற்சக்கர இயக்கத்தின் உயர், தாழ் நிலைகள் இரண்டையும் இணைத்து ஓட்ட வேண்டும். கியர் தானாக விடுபடுதல், உரத்த இரைச்சல், எண்ணெய்க் கசிவு ஆகியன பழுதின் அடையாளங்கள்.
* முன் அச்சு: கிங்பின் தாங்கிகள் தேய்ந்தால் ஓடும்போது முன்சக்கரங்கள் நடுங்கும்.
* ஆற்றல் செலுத்தும் தண்டுகள்: புறப்படும்போது 'டக்' என ஒலித்தால் கிராஸ் தேய்ந்திருக்கலாம்.
* பொறி: குளிர்ந்த நிலையில் இயக்கிப் பார்க்க வேண்டும். தொடர்ந்து வரும் நீலப்புகை எண்ணெய் எரிவதைக் குறிக்கும்.

ஆவணங்கள்

பொறி எண்ணும் சட்டக எண்ணும் பதிவுச் சான்றிதழுடன் ஒத்திருக்க வேண்டும். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதிச் சோதனைக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். தமிழ்நாட்டில் அப்போது பசுமை வரியும் உண்டு. வேறு மாநில வண்டியாயின் தடையில்லாச் சான்று தேவை. படைத்துறை ஏலத்தில் வந்த ஜிப்சியாயின், ஏல ஆவணங்களும் பொதுப் பதிவும் முறையாக உள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

பல ஜிப்சிகளில் டீசல் பொறி, பெரிய சக்கரம் முதலியன பொருத்தப்பட்டுள்ளன. உற்பத்தியாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் தீர்ப்பளித்தது. அத்தகைய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிப்பதும் காப்பீட்டுத் தொகை பெறுவதும் சிக்கலாகலாம்.

தேவையை அறிதல்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள வாசுதேவநல்லூரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவ்வூர் வழியாகத் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை செல்கிறது. தென்காசி, செங்கோட்டை வழியாகக் கேரளம் செல்ல அச்சாலையில் சாதாரணத் தானுந்தே போதும். மழைக்குப் பின் மண்பாதையில் மலையோரத் தோப்புக்குச் செல்பவருக்கே நாற்சக்கர இயக்கம் பயன் தரும்.

ஜிப்சியில் காற்றுப்பைகளும் ஏ.பி.எஸ். நிறுத்த அமைப்பும் இல்லை. நாற்சக்கர இயக்கம் வண்டி நகர்வதற்கு உதவுமேயன்றி, நிறுத்தும் தொலைவைக் குறைக்காது. எனவே குடும்பத்துடன் நெடுஞ்சாலையில் மிகுதியாகப் பயணிப்பவர், பாதுகாப்பு வசதிகளுள்ள பிற்காலச் சாதாரணத் தானுந்தைத் தேர்ந்தெடுப்பதே பொருத்தமாகும்.