ஈர நெல்லுக்கு எவ்வளவு வெயில் வேண்டும்?

ஐப்பசியில் தஞ்சாவூர்ப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? சாலையின் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருக்கும். வானம் கறுத்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் மோதிக்கொள்ளும் காலம் அது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. மழை மிகுந்த ஆண்டுகளில் தளர்த்துவதும் உண்டு. ஐந்து சதவீதம் கூடுதல் என்றால் என்ன, கொஞ்சம் வெயில் பட்டால் போய்விடாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒன்று. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு. உமி அடுப்பிலிருந்து தெறிக்கும் பொறியின் வெப்பநிலை பல நூறு டிகிரி. கையில் பட்டால் சுருக்கென்று குத்தி அணைந்துவிடும். ஓர் அண்டா வெந்நீர் 100 டிகிரியைத் தாண்டாது. ஆனால் அது மேலே கவிழ்ந்தால்? மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாகத் துடிக்கின்றன என்பதைக் காட்டுவது வெப்பநிலை. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குச் செல்லும் ஆற்றலே வெப்பம்.

இப்போது நெல்லுக்கு வருவோம். 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17 சதவீதத்துக்குக் கொண்டுவர, சுமார் 6 கிலோ நீர் வெளியேற வேண்டும். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கலோரி போதும். ஆகவே 6 கிலோ நீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு உயர்த்த 420 கிலோகலோரி தேவை. அதே நீரை 30 டிகிரியிலேயே ஆவியாக்க வேண்டுமானால்? கிராமுக்குச் சுமார் 580 கலோரி. மொத்தம் ஏறக்குறைய 3,500 கிலோகலோரி! எட்டு மடங்குக்கும் மேல். இத்தனை வெப்பம் போயும் வெப்பமானியில் பாதரசம் ஏறாது. ஒன்றையொன்று பற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகளைப் பிரித்தெடுப்பதிலேயே அது செலவாகிவிடுகிறது. இதையே உள்ளுறை வெப்பம் என்கிறோம்.

வெயில் மட்டும் போதாது, காற்றும் உலர்ந்திருக்க வேண்டும். மழைக்காலக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், வெளியேறிய மூலக்கூறுகளில் பல நெல்லுக்கே திரும்பி வந்துவிடுகின்றன.

சரி, மூடி வைத்துக் காத்திருக்கலாமே? குவித்து வைத்த ஈர நெல்லுக்குள் கையை விட்டுப் பாருங்கள், கதகதவென்று இருக்கும். நெல் உயிருள்ள விதை, சுவாசிக்கிறது. ஈரத்தில் பூஞ்சைகளும் சேர்ந்துகொள்ளும். அவை வெளிவிடும் வெப்பம் எளிதில் கடத்தாத உமிக்குள் சிக்கிக்கொள்கிறது. சில நாட்களில் நெல் பழுப்பேறும், முளையும் விடும். அதனால்தான் மழை விட்டதும் முதல் வேலையாகத் தார்ப்பாயை விலக்கி நெல்லைக் கிளறிவிடுகிறார்கள்.