சிசுவின் முதல் மூச்சு

மறிச்சுக்கட்டி என்றதும் முத்துக்குளிப்பே நம் நினைவுக்கு வரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையிலே பாளையமிறங்கி, மூச்சடக்கிச் சிப்பி குளித்தோர் ஆயிரக்கணக்கானோர். அவர்தம் சுவாசப்பையின் வலிமையை நாம் வியக்கின்றோம். ஆயின், பத்துத் திங்கள் நீரினுள் வாழ்ந்து, வெளிவந்த கணமே மூச்சிழுக்கும் சிசுவின் செயல் அதனினும் அரியதன்றோ?

சுவாசப்பையின் நுண்ணறைகளிற் சவர்க்காரம் போன்றதொரு பொருள் பூசப்பட்டுள்ளது. அஃது இல்லையேல், மூச்சுவிடுந்தோறும் அவ்வறைகள் ஒட்டிக்கொள்ளும். குறைமாதச் சிசுக்கள் மூச்சுத்திணறுவது இப்பொருட் குறைவினாலேயே என்பதை 1959இல் மேரி எலன் ஏவரி, ஜெரே மீட் என்னும் இருவர் காட்டினர். 1963இல், ஐந்தரை வாரம் முந்திப் பிறந்த ஜனாதிபதி கென்னடியின் மகன் 39 மணி நேரமே வாழ்ந்து இந்நோயால் மாண்டான்.

சுவாசப்பை முதிர்ந்துவிட்டதா என முன்கூட்டியே அறிய வழியில்லையா? 1971இல் லூயிஸ் குளுக் வழி கண்டார். தாயின் வயிற்றில் ஊசி செலுத்திப் பனிக்குட நீரை எடுத்து, அதிலுள்ள லெசித்தின், ஸ்பிங்கோமயலின் என்னும் கொழுப்புக்களை ஒப்பிட்டார். முன்னது இருமடங்காயின் முதிர்ச்சி எனக் கொண்டார். மறு ஆண்டிலே, அந்நீரை மதுசாரத்துடன் குலுக்கி, நுரை நிலைத்தால் நன்று எனக் கூறும் எளிய முறையும் வந்தது.

இன்றோ இப்பரிசோதனைகள் அருகிவிட்டன. காரணம் யாது? 1972இல் நியூசீலந்தைச் சேர்ந்த லிக்கின்ஸ், ஹௌவி இருவரும், தாய்க்கு ஏற்றும் ஸ்டிரோயிட் ஊசியே சிசுவின் சுவாசப்பையை முதிர்விக்கும் என நிறுவினர். அன்றியும், சுவாசப்பை முதிர்ந்ததெனக் கண்டு 39 வாரத்துக்கு முன் பிறப்பித்த சிசுக்களிலும் இடர்கள் மிகுந்திருந்தன. மூளையும் ஈரலும் முதிர வேண்டுமல்லவா? ஆகவே, நல்ல நட்சத்திரம் பார்த்துச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிப்போர் சற்றே சிந்திப்பாராக.

இம்மாற்றம் மறிச்சுக்கட்டி போன்ற தொலைக் கிராமங்களுக்கு நன்மையே. இன்று வேண்டுவது நுரையன்று, சரியான நாட்கணக்கு. கடைசி மாதவிடாய்த் திகதியைக் குறித்துவைத்து, குடும்பநல உத்தியோகத்தரிடம் காலத்தோடு பதிந்து, முதல் மூன்று மாதத்துள் ஸ்கான் செய்துகொள்ளல் வேண்டும். மாதம் நிறையுமுன் நோவோ நீர்க்கசிவோ தோன்றின், விடியட்டும் எனக் காத்திராது ஆஸ்பத்திரிக்குப் புறப்படுக. ஊசி முழுப்பயன் தர ஏறக்குறைய ஒரு நாள் செல்லும்.

தாய்மாரே! நீங்கள் குறித்துவைக்கும் அத்திகதி முத்தினும் விலையுயர்ந்தது.